டொரான்டோவில் தயாரிப்பு அலுவலக வேலை: புதிதாக வந்த தங்கைக்கு ஒரு பதில்

சென்னையில் ஐந்து ஆண்டுகள் ஒரு தயாரிப்பு நிர்வாகியிடம் உதவியாளராக இருந்துவிட்டு, நிரந்தர வசிப்புரிமையோடு டொரான்டோ வந்து இரண்டு மாதம் ஆகிறது என்கிறீர்கள். "மறுபடி அலுவலக உதவியாளராகத் தொடங்கச் சொல்கிறார்கள், தொடங்கலாமா அக்கா?" என்பது உங்கள் கேள்வி.

தொடங்குங்கள். ஆனால் எந்தப் படியில் கால் வைக்கிறீர்கள் என்பதைப் பார்த்து வையுங்கள். படப்பிடிப்புத் தளத்தில் உதவியாளராகச் சேர்பவர் பெரும்பாலும் உதவி இயக்குநர் வரிசையில் ஏறுவார். அலுவலகத்தில் சேர்பவர் உதவி ஒருங்கிணைப்பாளர், ஒருங்கிணைப்பாளர், பிறகு தயாரிப்பு மேலாளர் என்று போவார். உங்கள் ஐந்து ஆண்டு அனுபவம் கைகொடுப்பது இந்த இரண்டாவது வழியில்தான். தளத்தில்தான் சினிமா இருக்கிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

நம் ஊரில் நல்ல நிர்வாகி ஒருவர் இருந்தால் பேட்டா பட்டுவாடாவிலிருந்து ஹோட்டல் அறை வரை வாய்வார்த்தையிலேயே நடந்துவிடும். இங்கே எதற்கும் காகிதம் வேண்டும். நாற்காலி வாடகைக்கு எடுக்கக் கொள்முதல் ஆணை, ஒருவர் வீட்டில் படம்பிடிக்கக் காப்பீட்டுச் சான்றிதழ், அமெரிக்காவிலிருந்து ஒரு பெட்டி உடை வந்தால் சுங்கத் தரகருக்குப் பொருள் பட்டியல். எல்லாம் அலுவலகத்தின் வழியாகத்தான் போகும். உதாரணமாகத் திரைக்கதைத் திருத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு திருத்தத்துக்கும் தாளின் நிறம் மாறும்: வெள்ளைக்குப் பிறகு நீலம், இளஞ்சிவப்பு, மஞ்சள், பச்சை. மாலை ஆறு மணிக்கு நான்கு இளஞ்சிவப்புப் பக்கங்கள் வருகின்றன. பகல் காட்சி ஒன்று இரவுக் காட்சியாகியிருக்கிறது. பட்டியலில் உள்ள எல்லோருக்கும் அனுப்பிவிட்டு வீட்டுக்குக் கிளம்புகிறவர்கள் உண்டு. பக்கத்தைப் படித்துவிட்டு, "இதில் ஒரு குழந்தை நடிக்கிறது, அவ்வளவு நேரம் வைத்திருக்க முடியுமா?" என்று ஒருங்கிணைப்பாளர் காதில் போட்டுவைக்கிறவர்களும் உண்டு. அடுத்த தொடருக்கு அழைப்பு வருவது இவர்களுக்குத்தான். இந்தத் தொழிலில் விளம்பரம் பார்த்து விண்ணப்பித்து வேலை கிடைப்பது குறைவு. ஏற்கெனவே உங்களோடு வேலை பார்த்தவர் கூப்பிட வேண்டும்.

நீங்கள் நாட்காட்டியில் குறித்துவைக்க வேண்டிய நாள் டிசம்பர் 31. அமெரிக்கத் தயாரிப்புகள் டொரான்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்துக்கு வருவதற்குப் பெரிய காரணம் வரிச் சலுகை. தகுதியுள்ள செலவில் 21.5 சதவீதத்தை மாகாணம் தருகிறது. கனடாவில் வசிப்பவர்களுக்குக் கொடுத்த கூலியில் 16 சதவீதத்தை மத்திய அரசு தருகிறது. மாகாணக் கணக்கில் உங்கள் சம்பளம் சேர வேண்டுமானால், முந்தைய ஆண்டு டிசம்பர் 31 அன்று நீங்கள் ஒன்டாரியோவில் வசித்திருக்க வேண்டும். இந்த ஆண்டு வந்து இந்த ஆண்டே வேலை தேடும் உங்களைச் சிலர் ஓசையில்லாமல் ஒதுக்குவதற்கு இதுவும் ஒரு காரணம். நிறத்தையோ உச்சரிப்பையோ நினைத்து மனம் வாடிவிடாதீர்கள், தங்கச்சி. வாடகை ஒப்பந்தத்தைப் பத்திரப்படுத்துங்கள். வருமானம் மிகக் குறைவாக இருந்தாலும் வரிக்கணக்கைத் தாக்கல் செய்யுங்கள். வேலையில் சேரும் அன்று வசிப்பிடச் சான்றாகக் கேட்கும்போது, அதற்குப் பதிலாக வரித்துறை அனுப்பும் மதிப்பீட்டுக் கடிதம் உதவும்.

அடுத்தது ஓட்டுநர் உரிமம். இதை மட்டும் தள்ளிப்போடவே கூடாது. துறைமுகப் பகுதி ஸ்டுடியோக்களில் காலை ஐந்து மணிக்கு இருக்க வேண்டுமென்றால் சுரங்க ரயில் ஓடாது. பகலில் பொருள் எடுத்துவரக் காரில்தான் அனுப்புவார்கள். இந்தியாவில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஓட்டிய அனுபவத்துக்கு அதிகாரபூர்வச் சான்று வாங்கிவிட்டால், எழுத்துத் தேர்வு முடிந்ததும் நேரே முழு உரிமத்துக்கான ஜி சாலைத் தேர்வுக்குப் போகலாம்.

சங்க அட்டைக்கு இப்போதே ஓட வேண்டாம். ஒருங்கிணைப்பாளர்களும் அவர்களின் உதவியாளர்களும் ஐயாட்சி (IATSE) என்ற திரைத் தொழிலாளர் சங்கத்தின் 411ஆம் கிளையில் இருக்கிறார்கள். தயாரிப்பு மேலாளர்கள் கனடா இயக்குநர்கள் சங்கத்தில். ஒன்றிரண்டு தயாரிப்புகளில் வேலை பார்த்த பிறகு, உங்களுக்காகப் பேச ஆள் இருக்கும்போது விண்ணப்பியுங்கள்.

பணத்தைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். வேலை தொடருக்குத் தொடர்தான். படப்பிடிப்பு முடிந்தால் மேசையைக் காலி செய்ய வேண்டும். 2023 மே 2 அன்று அமெரிக்க எழுத்தாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள், ஜூலை 14 அன்று நடிகர்களும் சேர்ந்தார்கள், நடிகர்களின் வேலைநிறுத்தம் நவம்பர் 9 வரை போனது. இங்கே அமெரிக்கத் தயாரிப்புகள் பெரும்பாலும் நின்றன. நான் அந்த மாதங்களில் ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் இருந்தேன். பழகியவர்கள் சிலர் இந்தத் தொழிலுக்கே திரும்பவில்லை; அது இன்னும் மனதை வருத்துகிறது. நான்கு மாத வாடகையாவது கையில் சேரும்வரை கார் கடன் எடுக்காதீர்கள்.

விண்ணப்பம் ஒரே பக்கம் போதும். சென்னைப் படங்களின் பெயர்களை நீக்கச் சொல்வார்கள், நீக்காதீர்கள். ஒவ்வொன்றுக்கும் எத்தனை நாள் படப்பிடிப்பு, எத்தனை பேர் குழு என்று ஒரு வரி சேர்த்தால் இங்குள்ளவருக்குப் புரியும். ஒன்டாரியோ கிரியேட்ஸ் என்ற மாகாண அரசு நிறுவனம் தற்போது நடக்கும் தயாரிப்புகளின் பட்டியலை வெளியிடுகிறது. அதைப் பார்த்து, படப்பிடிப்பு இன்னும் தொடங்காதவற்றுக்கு முதலில் அனுப்புங்கள். அலுவலகத்துக்கு ஆள் எடுப்பது அப்போதுதான். ஓட்டுநர் உரிமம் இருக்கிறது, எந்த நாளிலிருந்து வர முடியும் என்ற இரண்டையும் மின்னஞ்சலின் முதல் வரியிலேயே எழுதுங்கள்.