நுரையீரல் புற்றுநோய்: இலக்கு மருந்துகள் பற்றிக் கேள்வி-பதில்

கே: ஒரே நோய்தான். அவருக்குக் கேட்ட மாத்திரை இவருக்கு ஏன் கேட்கவில்லை?

ப: பெயர்தான் ஒன்று, செல்லை முடுக்கிவிடும் மரபணு ஆளுக்கு ஆள் வேறு. ஜெஃபிட்டினிப் 2003-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றபோது, யாருக்குக் கேட்கும் என்பதே தெரியாது. செல்லை வளரத் தூண்டும் புரதம் ஒன்றை உருவாக்கும் இ.ஜி.எஃப்.ஆர். (EGFR) மரபணுவில் மாற்றம் இருப்பவர்களுக்கே நன்றாகக் கேட்கிறது என்பது 2004-ல்தான் புரிந்தது. ஆகவே முதலில் மரபணுப் பரிசோதனை, பிறகு மாத்திரை.

கே: சுருங்கிய கட்டி மறுபடி வளர்கிறது. மருந்தின் வீரியம் போய்விட்டதா?

ப: மருந்தில் குறையில்லை; அது ஒட்டும் இடம்தான் மாறியிருக்கிறது. ஜெஃபிட்டினிப், அதே வகையான எர்லோட்டினிப் இரண்டும், இ.ஜி.எஃப்.ஆர். புரதத்தில் ஏ.டி.பி. (செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறு) உட்காரும் குழியைப் பிடித்துக்கொள்பவை. அங்கே 790-ஆம் இடத்தில் திரியோனின் என்ற அமினோ அமிலம் போய் மெத்தியோனின் வந்தால், ஏ.டி.பி.யின் பிடி இறுகிவிடும், மருந்து தோற்கும். இவ்விரு மருந்துகளும் பலிக்காமல் போகிறவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு இதுவே காரணம். அதனால்தான் ஒசிமெர்ட்டினிப் என்ற அடுத்த மருந்து, 797-ஆம் இடத்துச் சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தோடு சகப்பிணைப்பில் (வலுவான வேதிப்பிணைப்பில்) ஒட்டிக்கொள்ளும்படி வடிவமைக்கப்பட்டது. ஒட்டினால் விடாது. இயல்பான இ.ஜி.எஃப்.ஆரை அவ்வளவாகத் தொடாததால் தோல் தடிப்பும் குறைவு. ஆனால் புற்று சும்மா இருக்குமா? அந்தச் சிஸ்டீன், செரீன் என்ற வேறோர் அமினோ அமிலமாக மாறினால் ஒட்டப் பிடியே இல்லை. சில கட்டிகள் வளர்ச்சியைத் தூண்டும் இன்னொரு மரபணுவான மெட்டின் (MET) நகல்களைப் பெருக்கிக்கொண்டு வேறு வழியாக வளரும். சில, சிறுசெல் புற்று என்ற வேறு வகை நுரையீரல் புற்றாகவே உருமாறும். அதை உறுதிசெய்ய ரத்தம் போதாது, மறுபடி பயாப்சி எடுக்க வேண்டும். காரணம் தெரியாமல் மாத்திரையை மாற்றுவது இருட்டில் கல்லெறிவதுதான்.

கே: ரத்தப் பரிசோதனையில் மரபணு மாற்றம் எதுவும் இல்லை என்று வந்தது. அத்துடன் விடலாமா?

ப: கூடாது. கட்டியிலிருந்து ரத்தத்தில் கசியும் டி.என்.ஏ. குறைவாக இருந்தாலும் ‘இல்லை’ என்றே வரும். திசுவில் பாருங்கள்.

கே: புற்றைத் தூண்டும் இன்னொரு மரபணுவான கேராஸுக்கு (KRAS) மருந்து வர ஏன் இவ்வளவு காலம்?

ப: அந்த மரபணு உருவாக்கும் புரதத்தில் மருந்து புக வாகான குழி தென்படவில்லை, தன்னை முடுக்கும் ஜி.டி.பி. (GTP) மூலக்கூறையும் அது மிக மிக வலுவோடு பிடிக்கும், போட்டியிட்டுத் தள்ள முடியாது. கேராஸின் ஜி12சி (G12C) என்ற மாற்றத்தில், 12-ஆம் இடத்தில் கிளைசின் என்ற அமினோ அமிலம் இருந்த இடத்தில் சிஸ்டீன் வருகிறது. அதைப் பற்றிக்கொண்டால் பக்கத்தில் மறைந்திருக்கும் ஒரு குழி திறக்கிறது என்று 2013-ல் காட்டினார்கள். 2021-ல் அந்தக் குழியில் ஒட்டும் சோட்டோராசிப் என்ற மருந்து வந்தது. கேராஸின் மற்ற மாற்றங்களான ஜி12டி, ஜி12வி ஆகியவற்றில் அந்தச் சிஸ்டீன் இல்லை. அவற்றுக்கு இது உதவாது.

கே: நெஞ்செரிச்சலுக்கு ஒமெப்ரசோல் போடலாமா?

ப: ஜெஃபிட்டினிப், எர்லோட்டினிப், சோட்டோராசிப் சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் போடவேண்டாம். வயிற்று அமிலம் குறைந்தால் இவை சரியாகக் கரையாது, ரத்தத்தில் அளவு இறங்கிவிடும். ஒசிமெர்ட்டினிப்புக்கு இந்தத் தொல்லை இல்லை. எர்லோட்டினிப் எடுப்பவர் புகைத்தாலும் அதே நஷ்டம்: கல்லீரல் மருந்தை வேகமாகச் சிதைத்துவிடும்.