அந்த அறுபது பக்கங்களை வெட்ட வேண்டாம்

அன்புள்ள ஐயா,

இரண்டு ஆண்டுகள் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் படித்துவிட்டு இப்போது கோவையில் இருக்கிறேன். அங்கிருந்தபோது வார இறுதிகளில் ஃப்ரேசர்பரோ, கார்டன்ஸ்டவுன், க்ரோவி என்று கடலோர ஊர்களைச் சுற்றிவருவேன். அந்தக் கரையை வைத்து ஒரு துப்பறியும் நாவல் எழுதி முடித்திருக்கிறேன். ஊர் கற்பனை, காலம் 2003. மீன்பிடி நொடித்துப்போன நேரத்தில், படகின் உரிமையாளரும் தலைவருமான ஒரு ஸ்கிப்பர் தன் இழுவைப் படகை அரசின் திட்டத்தில் உடைக்கக் கொடுத்துவிட்டுப் பணம் வாங்கிக்கொள்ள முடிவெடுக்கிறார். ஒரு ஞாயிறு நள்ளிரவில், ஆளில்லாத ஊர்த் துறைமுகத்தில், தன் படகுக்குப் பக்கத்திலேயே பிணமாக மிதக்கிறார். இன்வர்னஸிலிருந்து இன்ஸ்பெக்டர் வருகிறார். மரண விசாரணை அதிகாரியான கரோனர், கொலை என்று அறிவிக்கிறார். கிளாஸ்கோவிலிருந்து வந்த போதைப்பொருள் கடத்தல்காரன்தான் கொலையாளி. கடைசி அத்தியாயத்தில் இன்ஸ்பெக்டரிடம் தனிமையில் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறான்.

படித்த நண்பர்கள், முதல் அறுபது பக்கமும் மீன் விலை, கோட்டா (எவ்வளவு மீன் பிடிக்கலாம் என்ற வரம்பு) என்றே போகிறது, வெட்டிவிடு என்கிறார்கள். ஒரு தமிழ்ப் பாத்திரமாவது இருந்தால்தான் நம் வாசகர்கள் ஒன்றுவார்கள் என்றும் சொல்கிறார்கள். என்ன செய்யட்டும்?

ச.

அன்புள்ள ச.,

வெட்டாதீர்கள். உங்கள் கொலையாளி அந்த அறுபது பக்கங்களுக்குள்தான் இருக்கிறார். அவரை அங்கேயே விட்டுவிட்டு, கிளாஸ்கோவுக்குப் போய் வேறொருவனைக் கூட்டிவந்திருக்கிறீர்கள். சுருக்கத்தைப் படித்தபோது எனக்கு இருந்த பெரிய வருத்தம் இதுதான்.

அந்தக் கரையில் பணம் எப்படிப் பிரிகிறது என்பதை நீங்களே நன்றாக எழுதியிருக்கிறீர்கள். மீன் விற்ற பணத்தில் டீசல், ஐஸ், உணவு எல்லாம் கழித்த பிறகு, படகுக்கு ஒரு பகுதி, ஆட்களுக்கு ஒரு பகுதி. மாதச் சம்பளம் கிடையாது. சட்டப்படி படகில் வேலை செய்யும் ஒவ்வொருவரும் சுயதொழில் செய்பவர். மீன்பாடு நன்றாக இருக்கும் ஆண்டில் இது பெருமையான ஏற்பாடு. 2002 டிசம்பரில் பிரஸ்ஸல்ஸில் நடந்த ஐரோப்பிய ஒன்றியப் பேச்சுவார்த்தைக்குப் பிறகு நிலைமை வேறு. வடகடலில் காட் மீனே பிடிக்கக் கூடாது என்று விஞ்ஞானிகள் சொல்லியிருந்தார்கள். கடைசியில் கோட்டாவை ஏறத்தாழ பாதியாகக் குறைத்து, காட் பிடிக்கும் படகுகள் மாதத்தில் 15 நாள்தான் கடலில் இருக்கலாம் என்று முடிவானது. கூடவே, படகை உடைக்கக் கொடுத்தால் பணம். 2001-லும் 2003-லுமாக ஸ்காட்லாந்தில் காட் போன்ற வெண்மீன்களைப் பிடிக்கும் நூற்றுக்கும் மேற்பட்ட படகுகள் அப்படிப் போயின.

பணம் யாருக்குப் போனது? படகின் உரிமையாளருக்கு. பத்துப் பதினைந்து ஆண்டுகள் அதே படகில் வலை இழுத்தவர்கள் சட்டத்தின் கண்ணில் தொழிலாளிகளே இல்லை, அதனால் அவர்களுக்கு ஒன்றும் இல்லை. அப்புறம், அந்தப் படகுக்கு ஐஸ் விற்றவர், வலை பின்னியவர், எஞ்சின் பார்த்தவர் என்று கரையில் இருந்தவர்களும் வருமானத்தை இழந்தார்கள். உங்கள் ஸ்கிப்பர் ஒரு கையெழுத்துப் போட்டால் அவர் கடன் தீர்ந்துவிடும், ஐந்தாறு குடும்பங்களின் வருமானம் அந்த வாரமே நின்றுவிடும். அவர் நல்லவர், கடனில் மூழ்கியவர், வேறு வழியில்லாமல் கையெழுத்திடப் போகிறவர். அவரைத் தடுக்க வந்தவரும் நல்லவராகவே இருக்கலாம். இரண்டு பேருக்கும் நியாயம் இருக்கும் ஒரு கொலையை நீங்கள் கையில் வைத்திருக்கிறீர்கள். கடத்தல்காரன் எதற்கு?

1990-களில் ஃப்ரேசர்பரோவில் ஹெராயின் பெரிய துயரமாக இருந்தது உண்மை. அதை நீங்கள் எடுத்துக்கொண்டதில் தவறில்லை. ஆனால் அதை வாங்கியவர்கள் அந்த ஊர்ப் பையன்கள், படகில் சம்பாதித்த காசில். வெளியூர் ஆளிடம் பழியைப் போட்டவுடன், ஊர் தப்பித்துவிடுகிறது. வாசகரும் தப்பித்துவிடுகிறார்.

அந்த ஊரின் மௌனத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். உங்கள் இன்ஸ்பெக்டர் அதை ‘மூடுபனி போன்ற மௌனம்’ என்கிறார். அந்த வரியை எடுத்துவிடுங்கள். ஸ்காட்லாந்துக் கடற்கரை என்றாலே இறுகிய முகமும் மர்மமும் என்று எழுதி எழுதிப் பழகிவிட்டது. அங்கே மனிதர்கள் பேசாமல் இருப்பதற்குக் காரணம் கணக்கில் இருக்கிறது. அந்தக் காலத்தில் கோட்டாவுக்கு மேல் பிடித்த மீன் கணக்கில் வராமல் கரையிறங்குவது சாதாரணம். கறுப்பு மீன் என்றே சொல்வார்கள். பெரிய மேக்ரல், ஹெர்ரிங் படகுகள் செய்தது 2012-ல் நீதிமன்றத்தில் முழுசாக வெளிவந்தது. ஷெட்லாந்திலும் பீட்டர்ஹெட்டிலும் 6 கோடி பவுண்டுக்கும் மேல் பெறுமான மீன் பதிவில்லாமல் போயிருந்தது. ஆலைகளில் ரகசிய எடைக்கருவிகள், நிலத்தடிக் குழாய் என்று ஏற்பாடே நடந்திருக்கிறது. 2005-ல் மீனை வாங்குபவரும் விற்பவரும் பதிவு செய்தாக வேண்டும் என்ற விதி வந்த பிறகுதான் அது அடங்கியது. உங்கள் கதை நடப்பது 2003-ல். போலீஸ்காரர் வந்து “அன்று இரவு எங்கே இருந்தீர்கள்?” என்று கேட்டால், கொலை செய்யாதவர்கூட பொய் சொல்வார். ஏனென்றால் அன்று இரவு அவர் மீன் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தார். ஊரில் பாதிப் பேருக்கு மறைக்க ஏதோ இருக்கிறது, ஒருவரிடம் மட்டும் கொலை இருக்கிறது. துப்பறியும் கதைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

இன்ஸ்பெக்டரை மீன் விற்பனை ஏஜென்ட் அலுவலகத்துக்கு அனுப்புங்கள். படகின் வரவு செலவை அங்கேதான் பார்ப்பார்கள், பங்கும் அங்கேதான் பிரியும். பல படகுகளில் அந்த ஏஜென்ட் நிறுவனத்துக்கே பங்கு இருக்கும். கணக்கு எழுதும் பெண்மணிக்கு யார் எவ்வளவு கடன், எந்தப் படகு எந்த வாரம் நம்பமுடியாத அளவுக்குக் குறைவாக மீன் காட்டியது என்று எல்லாம் தெரியும். உங்கள் நாவலில் பெண்கள் தேநீர் கொண்டுவந்து வைக்கிறார்கள், அழுகிறார்கள், அவ்வளவுதான். அந்தக் கரையில் பெண்கள் ஒரு நாளும் அப்படி இருந்ததில்லை. தூண்டில் கயிற்றின் காலத்தில் நூற்றுக்கணக்கான முட்களில் சிப்பி இரை கோர்த்தது அவர்கள். ஆண்களின் கால் நனையாமல் இருக்க முதுகில் சுமந்துபோய்ப் படகில் ஏற்றியது அவர்கள். ஹெர்ரிங் பருவத்தில் மூன்று மூன்று பேராகச் சேர்ந்து, விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, ஷெட்லாந்திலிருந்து யார்மவுத் வரை மீன் கூட்டத்தின் பின்னாலேயே போய் மீன் கிழித்து உப்பிட்டதும் அவர்கள். 2002-ல் கோட்டா வெட்டை எதிர்த்து ஃப்ரேசர்பரோவில் இயக்கம் தொடங்கியதும் பெண்கள்தான். உங்கள் கதையில் உண்மையைக் கண்டுபிடிக்கத் தகுதியானவர் இன்ஸ்பெக்டரா, அந்தக் கணக்கெழுதும் பெண்மணியா என்று யோசித்துப் பாருங்கள். எனக்கு அந்தப் பெண்மணி மீது நம்பிக்கை அதிகம்.

சரி, இப்போது சில திருத்தங்கள். கார்டன்ஸ்டவுன் பக்கம் கொலை நடந்தால் 2003-ல் அபர்டீனைத் தலைமையிடமாகக் கொண்ட கிராம்பியன் போலீஸ்தான் வரும். இன்வர்னஸ் வேறு படை. ஸ்காட்லாந்தின் எட்டுப் போலீஸ் படைகளும் ஒன்றானது 2013-ல். கரோனர் என்ற பதவியே ஸ்காட்லாந்தில் கிடையாது, அது இங்கிலாந்து வழக்கம். சந்தேக மரணத்தை விசாரிக்கும் பொறுப்பு பிரொக்யூரேட்டர் ஃபிஸ்கல் என்ற அரசு வழக்கறிஞருடையது, போலீஸ் அவருக்குக் கட்டுப்பட்டே வேலை செய்யும்.

உங்கள் உச்சக்காட்சி நிற்காமல் போவதும் சட்டத்தால்தான். அங்கே குற்றத்தின் முக்கிய உண்மைகளுக்குத் தனித்தனியான இரண்டு ஆதாரங்கள் வேண்டும். அதனால்தான் போலீஸ்காரர்கள் இரண்டு பேராகப் போய் விசாரிக்கிறார்கள். தனிமையில், ஒருவர் காதில் மட்டும் விழுந்த ஒப்புதலை நம்பி வழக்கு நடத்த முடியாது. ஆனால் இதிலேயே உங்களுக்கு ஒரு வழி இருக்கிறது. கொலையாளிக்கு மட்டுமே தெரிந்திருக்கக்கூடிய ஒரு விவரத்தை அவர் சொல்லி, அது உண்மை என்று பின்னால் தெரியவந்தால், அதையே துணை ஆதாரமாக ஏற்பார்கள். அந்த விவரம் முதல் அறுபது பக்கங்களில், மீன் விலைக்கு நடுவில் கிடக்கட்டும். வாசகர் அதைத் தாண்டிப் போயிருப்பார். அப்போது உங்கள் நண்பர்களே திரும்பிப்போய் அந்தப் பக்கங்களை மறுபடி படிப்பார்கள். இன்னொன்று, 2010-ல் லண்டன் உச்ச நீதிமன்றம் தடுக்கும்வரை, ஸ்காட்லாந்துப் போலீஸ் ஒருவரை வழக்கறிஞர் இல்லாமலே ஆறு மணி நேரம் வைத்து விசாரிக்கலாம். அந்த ஆறு மணி நேரத்தை ஒரு முழு அத்தியாயமாக எழுதலாம்.

துறைமுகமும் சரியில்லை. 2003-ல் அந்தச் சின்ன ஊர்த் துறைமுகங்களில் பெரிய இழுவைப் படகு நிற்காது. ஸ்கிப்பர் ஊரில் குடியிருப்பார், படகு ஃப்ரேசர்பரோவிலோ பீட்டர்ஹெட்டிலோ இருக்கும். ஊரில் நண்டு, லாப்ஸ்டர் கூண்டு வைக்கும் சிறு படகுகள்தான். அப்படியென்றால் உங்கள் ஸ்கிப்பர் நள்ளிரவில் அங்கே எதற்குப் போனார்? இந்தக் கேள்வி உங்கள் நாவலில் இல்லை. கேட்டுப் பாருங்கள், நூறு பக்கம் ஓடும்.

நேரத்தையும் கவனியுங்கள். கண்டிப்பான கிறிஸ்தவப் பிரிவான பிரெதரன் சபையினர் நிறைந்த அந்த ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகமாட்டார்கள். நள்ளிரவு தாண்டித் திங்கள் பிறந்ததும் கிளம்புகிறவர்கள் உண்டு. அதனால் நீங்கள் ஆளில்லாத நேரம் என்று எழுதிய நேரத்தில்தான் ஆண்கள் பை தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கியிருப்பார்கள். ஆனால் வீடு வீடாகப் போய் விசாரிக்கும்போது பல கதவுகள் திறக்காது. க்ரோவியில் பார்த்திருப்பீர்கள், கடலுக்கும் பாறைச் சரிவுக்கும் நடுவே ஒரே ஒரு வரிசை வீடு, கார் நுழையாது. 1953 ஜனவரிப் புயலுக்குப் பிறகு பலர் போய்விட்டார்கள். இப்போது அவற்றில் பெரும்பாலானவை விடுமுறை வீடுகள், குளிர்காலத்தில் பூட்டிக் கிடக்கும்.

பெயர்களும் உதவும். வாட், வெஸ்ட் என்று ஒரே குடும்பப் பெயரில் ஊரே இருப்பதால், ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. அந்தக் கரையில் சில ஊர்களில் வாக்காளர் பட்டியலில்கூட அதைப் போட்டிருக்கிறார்கள். சாட்சி சொல்லும் பெயரில் ஊரில் நான்கு பேர் இருந்தால் வெளியூர் இன்ஸ்பெக்டர் என்ன செய்வார்?

தமிழ்ப் பாத்திரம் பற்றி. இந்த நாவலில் வேண்டாம். 2003-ல் அவர் அங்கே இயல்பாகப் பொருந்தமாட்டார். அதற்குப் பிந்தைய ஆண்டுகளில்தான் பிலிப்பைன்ஸ், கானா, இலங்கை, இந்தியாவிலிருந்து ஆட்கள் பெருமளவில் ஸ்காட்லாந்துப் படகுகளுக்கு வந்தார்கள். பலர் வந்தது டிரான்ஸிட் விசாவில். அந்த விசாவில் கரையில் குடியிருக்க முடியாது, துறைமுகத்தில் கட்டிய படகிலேயே தூங்க வேண்டும். அவர்களுக்குப் பங்கு இல்லை, நிர்ணயித்த மாதச் சம்பளம்தான், அதுவும் உள்ளூர் ஆட்களைவிடக் குறைவு. ஊரின் கணக்கில் பங்கில்லாத, அதனாலேயே மௌனம் காக்கக் காரணமில்லாத ஒரே மனிதர் படகில் அவர்தான். வாயைத் திறந்தால் நாட்டைவிட்டே அனுப்பப்படக்கூடியவரும் அவர்தான். ராமேஸ்வரத்துக்காரரோ மன்னார்க்காரரோ, அவருக்கு நீங்கள் ஒரு முழு நாவல் கடன்பட்டிருக்கிறீர்கள். வாசகரை ஒட்டவைக்க ஓரத்தில் நிறுத்தும் ஆளாக அவரை ஆக்கிவிடாதீர்கள்.

முதலில் இதை முடியுங்கள். ஏஜென்ட் அலுவலகக் காட்சியை எழுதியதும், மீதி தயாராக இல்லாவிட்டாலும், அதை மட்டும் எனக்கு அனுப்புங்கள்.

அன்புடன்.