ரீல்ஸுக்கு லைக் வருகிறது, அட்மிஷன் வரவில்லையே?

கேள்வி: கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு சுயநிதிக் கலை அறிவியல் கல்லூரியில் வணிகவியல் ஆசிரியராக இருக்கிறேன். அட்மிஷன் குழுவிலும் போட்டிருக்கிறார்கள். இரண்டு வருடமாக இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் போடுகிறோம், காசு கட்டி விளம்பரமும் செய்கிறோம். பார்ப்பவர்கள் ஏராளம், சேர்பவர்கள் கூடவில்லை. எங்கே தப்பு?

பதில்: உங்கள் பக்கத்தைப் பார்க்காமலே சொல்கிறேன்: ஆண்டு விழா நடனம், சிறப்பு விருந்தினருக்குச் சால்வை, ட்ரோனில் எடுத்த கட்டடம். சரிதானா? இவற்றுக்கு லைக் போடுகிறவர்கள் பெரும்பாலும் உங்களிடம் ஏற்கெனவே படிக்கிற பிள்ளைகள்தான்.

பிளஸ் டூ முடித்த பெண் ரீல்ஸ் பார்ப்பாள். ஆனால் எந்தக் காலேஜ் என்பது வீட்டுக் கூடத்தில் முடிவாகிற விஷயம். அங்கே கேட்கப்படும் கேள்விகள் வேறு. பஸ் நம்ம ஊர் வழியாக வருமா? மூன்று வருடத்துக்கும் சேர்த்து எவ்வளவு ஆகும்? ஃபீஸைப் பிரித்துக் கட்டலாமா? பி.காம். சி.ஏ. (கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ்) முடித்தால் என்ன வேலை? இதில் ஒன்றுக்காவது உங்கள் பக்கத்தில் பதில் உண்டா? "விவரங்களுக்கு நேரில் வாருங்கள்" என்று ஃபீஸை மறைக்கிற கல்லூரிகள்தான் அதிகம். என்னைக் கேட்டால் அது பெரிய தப்பு. தொகை தெரியாத வீடு, கட்டுப்படியாகாது என்றே நினைத்துக்கொள்ளும்.

ஆகவே ரீல்ஸை இப்படி மாற்றிப் பாருங்கள். ஒவ்வொரு பஸ் ரூட்டுக்கும் ஒரு வீடியோ: அந்த ஊர் மாணவி தன் ஸ்டாப்பில் நின்றுகொண்டு, வண்டி எத்தனை மணிக்கு வரும், மாலையில் எப்போது வீடு சேர்வாள் என்று சொல்லட்டும். அவள் ஊர்ப் பேச்சிலேயே பேசட்டும், எழுதிக் கொடுத்து ஒப்பிக்க வைக்காதீர்கள். அப்புறம் உதவித்தொகை. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது; 2024-லிருந்து பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் இருக்கிறது. முதல் பட்டதாரிச் சான்றிதழ் எதற்கு, எங்கே வாங்குவது என்பதே பல பெற்றோருக்குத் தெரியாது. உங்கள் அலுவலகத்தில் இந்த வேலையைப் பார்க்கிற ஊழியரையே மேஜையில் உட்கார்ந்தபடி பேச வையுங்கள். இந்த வீடியோதான் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும்.

விளம்பரத்துக்கு வருவோம். பிளஸ் டூ பிள்ளைகளில் பலருக்கு 18 நிரம்பியிருக்காது. 18-க்குக் கீழே இருப்பவர்களுக்கு, 2023 பிப்ரவரி முதல், வயதையும் ஊரையும் மட்டும் வைத்தே இன்ஸ்டாகிராமிலும் ஃபேஸ்புக்கிலும் விளம்பரம் காட்ட முடியும். "காமர்ஸில் ஆர்வம் உள்ளவர்" என்றெல்லாம் பிரிக்க முடியாது. எனவே காசைப் பெற்றோர் பக்கம் திருப்புங்கள்: பஸ் போகிற ஊர்கள், நாற்பதைத் தொட்டவர்கள், பெரும்பாலும் ஃபேஸ்புக்கும் யூடியூபும். விளம்பரத்தை அழுத்தினால் நேரே வாட்ஸ்அப் திறக்கட்டும்.

ரிசல்ட் சமயத்தில் பிளஸ் டூ மாணவர்களின் போன் நம்பர் பட்டியல் என்று யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள். 18 நிரம்பாதவர் விவரத்தைக் கையாளப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது 2023-ல் நிறைவேறிய தரவுப் பாதுகாப்புச் சட்டம். அது போக, ஒரே நாளில் பத்துக் கல்லூரியிலிருந்து போன் வந்தால் எந்த அப்பா பொறுமையாகப் பேசுவார்?

இரவு எட்டு மணிக்கு வரும் என்கொயரிக்கு மறுநாள் மதியம் பதில் போனால், அதற்குள் பக்கத்துக் கல்லூரி பேசி முடித்திருக்கும். மே, ஜூனில் இரவு பத்து வரை ஒருவர் போனோடு இருக்க வேண்டும். கல்லூரி நம்பரைச் சேமித்துக்கொள்ளச் சொல்லுங்கள். சேமிக்காதவர்களுக்கு வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் போய்ச் சேராது.

பணம் கட்டியவர்களையும் கோட்டை விடாதீர்கள். பொறியியல் கவுன்சலிங் நடக்கும் மாதங்களில் சிலர் நழுவுவார்கள். சேர்ந்த அன்றே துறைவாரியாக ஒரு குழு, அதில் ஒரு ஆசிரியர், இரண்டு சீனியர்கள். பாடத்திட்டம், முதல் நாள் எங்கே வர வேண்டும் போன்றவை அதில் போகட்டும். ஆளும் பேரும் பழகிவிட்டால் நழுவுவது குறையும்.

இதற்கெல்லாம் முன்னால் இன்றைக்கே ஒரு வேலை. கூகுள் மேப்ஸில் உங்கள் கல்லூரியைத் தேடி, அங்கே இருக்கிற நம்பருக்குப் போன் போட்டுப் பாருங்கள். நான் ஆலோசனைக்குப் போன ஒரு கல்லூரியில், ஓய்வுபெற்று ஊருக்குப் போய்விட்ட பழைய மேலாளர்தான் எடுத்தார்.