குட்டை மீனு சுத்திச் சுத்திச் சாகுது, ஆக்சிஜன் மாத்திரை போடவா?

கேள்வி: அய்யா, மேலூர் பக்கம் 20 சென்ட் குட்டைல கட்லா, ரோகு விட்டுருக்கேன். மேல்வயக்காரரு இலைச்சுருட்டுப் புழுவுக்கு மருந்தடிச்ச மறுநாள் மழை, வயத்தண்ணி குட்டைக்கு வந்துருச்சு. மதியத்துல இருந்து குஞ்செல்லாம் வட்டமடிக்குது, முப்பது செத்துருச்சு. மருந்துக்கடைல ஆக்சிஜன் மாத்திரையும் சுண்ணாம்பும் போடச் சொல்றாங்க, போடவா?

பதில்: மாத்திரைக்குக் காசக் கொட்டாதீங்க தம்பி. ஆக்சிஜன் பத்தலைன்னா விடியக்காலம் மொத்த மீனும் மேல வந்து வாயப் பொளக்கும், பெருசுதான் மொதல்ல சாகும். உங்களுக்கு மதியத்துல, அதுவும் குஞ்சுல ஆரம்பிச்சிருக்கு. இது மருந்து வேலை.

மூளைல அசிட்டைல்கோலின்எஸ்டரேஸ்னு ஒரு என்சைம் இருக்கு, நரம்பு சேதி போய்ச் சேந்ததும் அந்த அசிட்டைல்கோலின உடைச்சு ஒதுக்குறது அதோட வேலை. குளோர்பைரிபாஸ், புரொபினோபாஸ் மாதிரி பேரு 'பாஸ்'னு முடியுற பூச்சி மருந்து (ஆர்கனோபாஸ்பேட் வகை, சுருக்கமா பாஸ்) அதப் போய் கெட்டியாப் பிடிச்சுக்கும், நரம்பு சும்மா துடிச்சுக்கிட்டே கெடக்கும், அதான் வட்டமடிக்குது. கார்பரில் மாதிரி கார்பமேட்டுங்கிற வேற வகை மருந்துன்னா கொஞ்ச நேரத்துல விட்ரும், பாஸ்னா புதுசா என்சைம் ஊறணும், வாரக்கணக்காகும். அதனால செத்தத மட்டும் எண்ணாதீங்க, உசுரோட இருக்கிறதும் சரியா தீனி எடுக்காது, கொக்கு வந்தா ஓடத் தெரியாது.

மடைய அடைங்க, தீனிய நிறுத்துங்க, போர்த்தண்ணி விட்டு பாதியாச்சும் மாத்துங்க, வெளியேத்துறது கம்மாய்க்குப் போயிரக் கூடாது. சுண்ணாம்பு போட்டா காரத்துல பாஸ் உடையும்தான், ஒரே நாள்ல இல்ல, தண்ணியோட காரம் (பிஎச்) எகிறுனா அம்மோனியா வெசம் வேற ஏறும். செத்தத புதைங்க, விக்காதீங்க.

நீங்க கேக்க வேண்டியது மேல்வயக்காரரு என்ன பாட்டில் ஊத்துனாருன்னு. இந்த டூ-இன்-ஒன் பாட்டிலக் கண்டாலே எனக்கு ஆகாது. குளோர்பைரிபாஸோட சைபர்மெத்ரின்னு இன்னொரு பூச்சி மருந்தும் கலந்திருக்கும், சைபர்மெத்ரின் தனியாவே மீனுக்கு எமன், மீனு ஒடம்புல அத உடைச்சுத் தள்ற வேற என்சைமையும் பாஸ் முடக்கிரும், ரெண்டும் சேந்தா மீனு என்ன பண்ணும்? கடைக்காரருக்கு ஒரு பாட்டில்ல ரெண்டு லாபம், புழு பேரு கூட கேக்காம எடுத்து நீட்டுவாரு. இலைச்சுருட்டுக்கு பயிர் வளர்ற பருவத்துல 10 சதம் இலை போனாத்தான் மருந்தே, எத்தனை பேரு எண்ணிப் பாத்து அடிக்கிறீங்க?

மீன்வளத்துறை ஆபீசுக்குக் காட்டணும்னா சாகக் கெடக்குற மீனா நாலஞ்சு ஐஸ்ல வச்சு உடனே கொண்டு போங்க, ஊதி மெதக்குறத வச்சு என்சைம் பாக்க முடியாது. அந்தப் பாட்டில் லேபிளயும் ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க.