என் லேப்டாப்ல ஓடுது, சர்வர்ல ஓடல: பைல் பாத் கேள்விகள்

இந்த வாட்டி வந்ததெல்லாம் பைல் பாத் (பைல் எந்த போல்டர்ல இருக்குன்னு சொல்ற முகவரி) பத்தின கேள்விகளா சேர்ந்துடுச்சு, அதனால ஒண்ணா போட்டுடுறேன்.

கேள்வி: சார், எக்ஸ்ப்ளோரர்ல இருந்து பாத்த அப்படியே காப்பி பண்ணி பைத்தான்ல போட்டேன், யூனிகோட் எரர்னு கத்துது. பைல் அங்கதான் இருக்கு!

பதில்: பைல் இருக்கா இல்லையான்னு பைத்தான் இன்னும் பாக்கவே ஆரம்பிக்கல, உங்க கோட படிக்கும்போதே நின்னுடுச்சு. சி டிரைவுக்கு அடுத்து யூசர்ஸ் போல்டர் வருதுல்ல, அந்த பேக்ஸ்லாஷும் பெரிய 'யூ'வும் பக்கத்துல பக்கத்துல வந்தா "அடுத்து 8 ஹெக்ஸ் இலக்கத்துல ஒரு எழுத்து வரப்போகுது"ன்னு பைத்தான் எடுத்துக்கும், வரலன்னதும் எரர். உங்களுக்கு எரர் வந்தது நல்லதுதாங்க, ஏன்னா போல்டர் பேர் 'டெம்ப்'னு சின்ன எழுத்துல இருந்திருந்தா பேக்ஸ்லாஷோட சேர்ந்து டேப் ஆயிருக்கும், 'நியூ'ன்னா புதுவரி ஆயிருக்கும், கடைசில ஓட்டும்போது "இன்வேலிட் ஆர்க்யூமென்ட்"னு மட்டும் சொல்லும், நீங்க அரை நாள் தேடுவீங்க. ஸ்ட்ரிங்குக்கு முன்னாடி ஒரு சின்ன 'ஆர்' போடுங்க, இல்லன்னா எல்லாத்தையும் / ஆ மாத்திடுங்க, விண்டோஸ் அதையும் ஏத்துக்கும்.

கேள்வி: அப்ப விண்டோஸ் எதுக்குதான் இந்த \ ஐ பிடிச்சிட்டு தொங்குது?

பதில்: 1981ல வந்த முதல் டாஸ்ல (விண்டோஸுக்கு முன்னாடி இருந்த மைக்ரோசாப்ட் ஓஎஸ்) போல்டரே கிடையாது. ஆனா கமாண்டுக்கு ஆப்ஷன் குடுக்க / ஐ அப்பவே எடுத்துட்டாங்க. 1983ல டாஸ் 2.0ல போல்டர் வந்தப்போ யூனிக்ஸ் மாதிரி / போடலாம்னா அது ஏற்கனவே வேற வேலைல இருக்கு, அதான் \. பழைய மேக்ல இன்னும் வேற, அங்க : தான் பிரிக்கும்.

கேள்வி: / எல்லா இடத்துலயும் ஓடும்னா போல்டர் பேரையும் பைல் பேரையும் + போட்டு ஒட்டிட்டு போலாமே அண்ணா, பைத்தானோட பாத்லிப் லைப்ரரி எல்லாம் எதுக்கு?

பதில்: ஒட்டலாம், நடுவுல ஸ்லாஷ் விட்டுப்போய் ரெண்டு பேரும் ஒண்ணா சேர்ந்துக்குற வரைக்கும். பாத்லிப் 2014ல பைத்தான் 3.4லயே வந்துடுச்சு, புது கோடுக்கு அதையே எடுங்கன்னுதான் சொல்வேன். ஆனா அதுலயும் ஒரு குழி இருக்கு: ரெண்டாவது துண்டு / ல ஆரம்பிச்சா முதல் துண்ட தூக்கி எறிஞ்சிடும். யூசர் அனுப்புற பைல் பேர அப்லோட் போல்டரோட சேக்குறீங்க, அவன் பேர / ல ஆரம்பிச்சு அனுப்புனா உங்க அப்லோட் போல்டர் காணாம போயிடும், சர்வர்ல வேற எங்கயோ கைவைக்கிறான். சி ஷார்ப் கம்பைனும் இப்படித்தான், ஆனா நோட் ஜேஎஸ்லயும் கோ லாங்குவேஜ்லயும் ஜாயின் அப்படி எறியாது, சேர்த்துதான் வைக்கும் (அங்கயும் ரெண்டு புள்ளி போட்டு மேல ஏறலாம், அத தனியா செக் பண்ணணும்). ஒரு லாங்குவேஜ்ல பழகுனத இன்னொண்ணுல நம்பாதீங்க.

இன்னொண்ணு, யூஆர்எல்லுக்கும் ஜிப்புக்குள்ள இருக்க பேருக்கும் எப்பவுமே / தான். அதுக்கு ஓஎஸ் பாத் பங்ஷன போட்டா விண்டோஸ்ல \ வந்து மாட்டும். கோ லாங்குவேஜ்ல இதுக்குன்னே பாத், பைல்பாத்னு ரெண்டு பேக்கேஜா பிரிச்சு வச்சிருக்காங்க.

கேள்வி: மேக்ல ஓடுற நோட் ப்ராஜெக்ட் லினக்ஸ் சர்வர்ல "மாட்யூல் கிடைக்கல"ங்குது.

பதில்: பைல் பேர்ல இங்கிலீஷ் பெரிய எழுத்து சின்ன எழுத்து வித்தியாசம். மேக்கும் விண்டோஸும் சாதாரணமா கண்டுக்காது, லினக்ஸ் விடாது. பைல் பேர மாத்தும்போது கிட்டோட (கோடு மாற்றங்கள பதிவு பண்ற டூல்) மூவ் கமாண்ட்லயே மாத்துங்க, இல்லன்னா கிட்டுக்கு பேர் மாறினதே தெரியாம போகலாம்.

கேள்வி: 'கொள்முதல்'னு தமிழ்லயே பைல் பேர் வச்சிருக்கோம். பழைய மேக்ல இருந்து லினக்ஸுக்கு காப்பி பண்ணதும் கோடுக்கு அந்த பைல் தெரியல, பைல் லிஸ்ட் காட்டுற எல்எஸ் கமாண்ட போட்டா கண்ணுக்கு தெரியுது. பேயா?

பதில்: பேய் இல்ல, ஒகரக்கொம்பு. 'கொ'வ யூனிகோட்ல ரெண்டு விதமா எழுதலாம், 'க'வுக்கு அப்புறம் ொ ங்குற ஒரே குறி, இல்லன்னா கொம்பு தனியா கால் தனியா ரெண்டு குறி. திரைல ரெண்டும் ஒண்ணுதான், பைட் வேற. 2017ல ஏபிஎப்எஸ்ங்குற புது பைல் சிஸ்டம் (டிஸ்க்ல பைல சேமிக்குற முறை) வர்றதுக்கு முன்னாடி மேக்ல இருந்த எச்எப்எஸ் பிளஸ், நீங்க எப்படி குடுத்தாலும் உடைச்சு ரெண்டாத்தான் சேமிக்கும். உங்க கோடுல கீபோர்டுல அடிச்சது ஒரே குறியா இருக்கும். லினக்ஸ் பைட்டத்தான் பாக்கும், அதனால ரெண்டும் வேற வேற பைல், ஒரே போல்டர்ல ரெண்டு 'கொள்முதல்' கூட பக்கத்துல பக்கத்துல உக்காரும்! ஒகரம், ஓகாரம், ஔகாரம் வர்ற எல்லா பேருக்கும் இதே கதை. தேடும்போது ரெண்டு பக்கத்தையும் என்எப்சிக்கு (சேர்த்து ஒரே குறியா எழுதுற யூனிகோட் வடிவம்) நார்மலைஸ் பண்ணி ஒப்பிடுங்க, ஆனா ஓபன் பண்றப்போ டைரக்டரி லிஸ்ட் குடுத்த பேர மாத்தாம அப்படியே குடுங்க.

தமிழ் பேர்னா இதையும் பாத்துக்கோங்க: லினக்ஸோட ஈஎக்ஸ்டி4 பைல் சிஸ்டத்துல ஒரு பேருக்கு 255 பைட்தான், யூடிஎப்-8ல ஒரு தமிழ் குறிக்கு 3 பைட், அப்ப மொத்தம் 85 குறி, 'கோ' மாதிரி எழுத்துக்கே ரெண்டு குறி போயிடும். விண்டோஸோட என்டிஎப்எஸ் பைல் சிஸ்டத்துல கணக்கு பைட்ல இல்ல, அங்க தமிழ்லயும் 255 குறி வரைக்கும் போகும். நீளமா தலைப்பு வச்ச பைல் விண்டோஸ்ல நல்லா இருந்துட்டு சர்வர்ல ஜிப்ப பிரிக்கும்போது உடையறது இதனாலதான்.

கேள்வி: லாக் பைலுக்கு டைம் வச்சு 10:30னு பேர் குடுத்தேன், விண்டோஸ்ல எரரே வரல, ஆனா பைல் காலி, 0 பைட்.

பதில்: காலி இல்லங்க, ஒளிஞ்சிருக்கு. என்டிஎப்எஸ்ல : போட்டா அதுக்கு அப்புறம் வர்றது பைலுக்குள்ள ஒரு தனி ஸ்ட்ரீம் பேர், உங்க லாக் எல்லாம் அங்க போய் விழுந்திருக்கு. டிர் கமாண்ட /ஆர் போட்டு ஓட்டுனா தெரியும். பேர்ல : வேணாம், அதுக்கு பதிலா - போடுங்க. அப்படியே 'கான்', 'ஆக்ஸ்', 'நல்'னு இங்கிலீஷ்ல பேர் வைக்காதீங்க, டாஸ் காலத்து டிவைஸ் பேர், லினக்ஸ்ல ஆக்ஸ் டாட் சின்னு ஒரு பைல கமிட் பண்ணா விண்டோஸ்ல குளோன் பண்றவங்க உங்கள திட்டுவாங்க.

கேள்வி: ஸ்கிரிப்ட கையால ஓட்டுனா ஓடுது, கிரான்ல (குறிச்ச நேரத்துக்கு தானா ஓட்டுற டூல்) போட்டா பைல் இல்லங்குது.

பதில்: கிரான் உங்க ப்ராஜெக்ட் போல்டர்ல நிக்காது, ஹோம் டைரக்டரில நின்னு ஓட்டும். ஸ்கிரிப்ட் இருக்க இடத்துல இருந்து பாத்த கட்டுங்க.