பயிற்சி முடிந்தும் ஃபோர்க்லிஃப்ட் மோதப் பார்க்கிறது என்ற கேள்விக்கு

வணக்கம். இரண்டு மணி நேரம் வீடியோ போட்டு எல்லாரிடமும் கையெழுத்து வாங்கியும், ஒரே மாதத்தில் இரண்டு தடவை கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் (சரக்கைத் தூக்கிச் செல்லும் வண்டி) ஆள் மேல் மோதப் பார்த்தது என்று எழுதியிருந்தீர்கள். இரண்டுமே சரக்கு அடுக்கும் ரேக்கின் முனைத் திருப்பத்தில். அப்படியென்றால் ஆட்களைக் குறை சொல்வதற்கு முன் அந்த இடத்தைப் பாருங்கள். நடப்பவருக்கும் வண்டிக்கும் அங்கே ஒரே பாதையா? முதலில் தடுப்புக் கம்பி போட்டுப் பாதையைப் பிரியுங்கள். திருப்பத்துக்கு அப்பால் வருவதைக் காட்டும் குவிகண்ணாடி அதற்கு அடுத்ததுதான்.

பயிற்சியை அந்தத் திருப்பத்திலேயே, வண்டியை வைத்துக்கொண்டு பதினைந்து நிமிடம் நடத்துங்கள். ஃபோர்க்லிஃப்ட் பின்சக்கரத்தால் திரும்புவது. திரும்பும்போது அதன் பின்பகுதி வெளியே வீசும். வண்டிக்குப் பின்னால் நிற்பவர் அடிபடுவது இதனால்தான். தரையில் சாக்பீஸால் அந்த வீச்சை வரைந்து காட்டினால் யாருக்கும் மறக்காது. சரக்கோடு போகும்போது ஃபோர்க் (சரக்கைத் தாங்கும் முன்கரங்கள்) தரையிலிருந்து 10–15 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். முன்னால் சரக்கு மறைத்தால் பின்னோக்கி ஓட்டச் சொல்லுங்கள்.

இன்னொன்று, உயிர் சம்பந்தப்பட்டது. உட்கார்ந்து ஓட்டும் வண்டி கவிழ்ந்தால் குதிக்கவே கூடாது. குதிப்பவர் மேல்தான் வண்டியின் கூரைச் சட்டம் விழுகிறது. சீட் பெல்ட்டோடு ஸ்டியரிங்கை இறுகப் பிடித்து, கவிழும் பக்கத்துக்கு எதிர்ப்புறம் சாய வேண்டும். இதை ஒவ்வொருவரையும் உட்கார வைத்துச் செய்து பார்க்கச் சொல்லுங்கள்.

மயிரிழையில் தப்பியதைச் சொன்ன ஆளைத் திட்டிவிடாதீர்கள், தயவுசெய்து. திட்டினால் அடுத்த முறை யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.