‘பேருக்குத்தானே’ என்று டிரஸ்டி ஆகலாமா? – கேள்வி பதில்

ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் இளைஞர்களுக்கும் மாலை வகுப்பு, விடுதி, தொழிற்பயிற்சி என்று நடத்தும் அமைப்புகளின் நிர்வாகக் குழுக்களைப் பற்றி வந்த கேள்விகள் இவை. பட்டயக் கணக்காளராக இத்தகைய அமைப்புகளின் கணக்குகளைத் தணிக்கை செய்தவள் நான்; இப்போது அவற்றில் சிலவற்றில் அறங்காவலர், அதாவது டிரஸ்டி. சட்டம் என்று சொல்வதெல்லாம் தமிழ்நாட்டில் இயங்கும் அமைப்புகளை மனத்தில் வைத்து.

கோவை வாசகர்: மேடம், என் கல்லூரி நண்பர் வசதியற்ற மாணவர்களுக்காக ஒரு டிரஸ்ட் நடத்துகிறார். “பேருக்கு ஒரு ஆள் வேண்டும், வருடத்துக்கு ஒருமுறை கையெழுத்துப் போட்டால் போதும், ஆதார் நகல் கொடு” என்கிறார். நல்ல காரியம்தானே, சேரலாமா?

நல்ல காரியம்தான். ஆனால் ‘பேருக்கு டிரஸ்டி’ என்று ஒரு இனம் சட்டத்தில் கிடையாது. பத்திரத்தில் பெயர் ஏறிவிட்டால் வங்கியும் வருமான வரித் துறையும் நீதிமன்றமும் உங்களை மற்ற டிரஸ்டிகளில் ஒருவராகத்தான் பார்க்கும். பொது அறக்கட்டளையில் முறைகேடு என்று கருதினால், அதில் அக்கறையுள்ள இருவர் சேர்ந்து, நீதிமன்ற அனுமதியுடன் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92ஆம் பிரிவின் கீழ் வழக்குத் தொடரலாம். அங்கே போய் “எனக்கு ஒன்றும் தெரியாது” என்பது தற்காப்பு அல்ல, ஒப்புதல் வாக்குமூலம்.

நண்பரிடம் அறக்கட்டளைப் பத்திரம், தணிக்கை செய்த கடைசிக் கணக்கு, மினிட்ஸ் புத்தகம் (கூட்ட நடவடிக்கைப் பதிவேடு) மூன்றையும் கேளுங்கள். மினிட்ஸ் புத்தகத்தை முதலில் புரட்டுங்கள். ஐந்து வருடத் தீர்மானங்களும் ஒரே பேனாவில், ஒரே உட்காரலில் எழுதியதுபோல, வரிக்கு வரி ‘ஏகமனதாக நிறைவேறியது’ என்று இருந்தால் வாழ்த்துச் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். பணம் கொடுங்கள், பெயரைக் கொடுக்காதீர்கள்.

சேலம் வாசகர்: எங்கள் டிரஸ்டில் நான், என் மனைவி, மைத்துனர் மூவர்தான் டிரஸ்டிகள். சிஎஸ்ஆர் நிதி (கம்பெனிகள் சமூகப் பணிக்கு ஒதுக்கும் பணம்) கேட்டுப் போன இடத்தில் இதை ஒரு குறையாகச் சொல்கிறார்கள். சட்டப்படி தவறா?

தவறில்லை. யார் டிரஸ்டி, எத்தனை வருடம் என்பதையெல்லாம் பொது அறக்கட்டளையில் பத்திரம்தான் தீர்மானிக்கிறது. 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிவு செய்திருந்தால் கதை வேறு: செயற்குழுவில் குறைந்தது மூவர், ஒருவரின் பதவிக்காலம் மூன்று ஆண்டுக்கு மேல் கூடாது, மறுபடி தேர்ந்தெடுக்கலாம். அதனால்தான் பலர் சங்கத்தைத் தவிர்த்து டிரஸ்டுக்குப் போகிறார்கள். வெளியே சொல்லமாட்டார்கள், ஆனால் காரணம் அதுதான்.

ஆனால் கேட்டவர்கள் சரியாகத்தான் கேட்டிருக்கிறார்கள். உங்கள் பயிற்சி மையம் யாருடைய கட்டடத்தில் நடக்கிறது? பெரும்பாலும் நிறுவனரின் வீட்டு மாடியாக இருக்கும். வாடகை எவ்வளவு, அதை யார் முடிவு செய்தது? நிறுவனருக்கோ டிரஸ்டிக்கோ அவர்களின் உறவினருக்கோ அறக்கட்டளைப் பணம் நியாயமான அளவுக்கு மேல் போனால் வரி விலக்குக்கே ஆபத்து. நியாயமான வாடகை என்றால் தடையில்லை. அதை நிரூபிக்க, அதே தெருவில் இரண்டு கட்டடங்களின் வாடகை விவரத்தை எழுத்தில் வாங்கி வையுங்கள். அந்தப் பொருள் வரும்போது கட்டடச் சொந்தக்காரர் அறையை விட்டு வெளியே போகட்டும். போனார் என்று மினிட்ஸில் எழுதுங்கள். மூவரும் ஒரே குடும்பம் என்றால் வெளியே போன பிறகு உள்ளே யார் இருப்பார்கள்? சிஎஸ்ஆர் அதிகாரி கேட்டது இந்தக் கேள்வியைத்தான்.

விழுப்புரம் வாசகி: அக்கா, எங்கள் மாலை வகுப்பில் படித்து இப்போது வேலையில் இருக்கும் ஒரு பெண்ணை டிரஸ்டியாக்கலாம் என்று சொன்னேன். “அந்தப் பிள்ளைக்கு என்ன தெரியும்?” என்று பெரியவர்கள் சிரிக்கிறார்கள்.

அந்தப் பிள்ளைக்குத் தெரிந்தது அங்கே உட்கார்ந்திருக்கும் வேறு யாருக்கும் தெரியாது. ஏழு மணிக்கு வகுப்பு முடிந்தால் கடைசி டவுன் பஸ் கிடைக்குமா, கழிவறைக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா, எந்த வாத்தியார் வரும்போது பிள்ளைகள் பேச்சை நிறுத்துகிறார்கள் என்பது ஓய்வுபெற்ற வங்கி மேலாளருக்கு எப்படித் தெரியும்? பதினெட்டு வயது நிரம்பியிருந்தால் போதும், சேருங்கள்.

ஆனால் ஒருத்தியை மட்டும் சேர்க்காதீர்கள், இருவராகச் சேருங்கள். தனியாக இருந்தால் பெரியவர்கள் நடுவே வாய் திறக்கமாட்டாள். இரண்டாவது கூட்டத்தில் டீ யார் கொண்டுவருவது என்று அவளைப் பார்ப்பார்கள். இது நடக்கும், நான் பார்த்திருக்கிறேன். கூட்டத்தைப் புதன்கிழமை பதினோரு மணிக்கு வைத்தால் அவளுக்கு ஒருநாள் சம்பளம் போகும், ஆகவே ஞாயிறு வையுங்கள். பஸ் கட்டணத்தை அவள் கேட்பதற்கு முன்னால் கொடுங்கள். கணக்குத் தாளைத் தமிழில் ஒரு பக்கம் எழுதி ஒரு வாரம் முன்பே அனுப்புங்கள். அந்த ஒரு பக்கத்தால் பெரியவர்களுக்கும் முதல் தடவையாகக் கணக்குப் புரியும். அதை மட்டும் அவர்களிடம் சொல்லிவிடாதீர்கள்.

மதுரை வாசகர்: எங்கள் நிறுவனர் தெருவோரப் பிள்ளைகளுக்காக வாழ்க்கையையே கொடுத்தவர். அவரிடம் யாரும் மறுத்துப் பேசுவதில்லை. பேசினால் “அப்படியானால் அந்தக் குழந்தையைத் திருப்பி அனுப்பட்டுமா?” என்கிறார். குழு என்ன செய்வது?

இந்தக் கேள்விக்கு இங்கிலாந்தில் ஒரு பெரிய விடை இருக்கிறது. கமிலா பாட்மங்கெலிஜ் என்ற பெண்மணி 1996இல் லண்டனில் ‘கிட்ஸ் கம்பெனி’ என்ற அமைப்பைத் தொடங்கினார். வீட்டில் ஆதரவில்லாத பிள்ளைகள் யார் சிபாரிசும் இல்லாமல் தாங்களே கதவைத் தட்டி வரலாம். சாப்பாடு, ஆலோசனை, தேவைப்பட்டால் கையில் பணம். பிரதமர்களின் ஆதரவும் இருந்தது. ஆண்டுகள் பலவற்றில் குறைந்தது 4.6 கோடி பவுண்டு பொதுப் பணம் அங்கே போனது. பிபிசியின் உயர் பொறுப்பில் இருந்த ஆலன் யென்டோப் 2003 முதல் குழுத் தலைவர். கையிருப்பு எப்போதும் மிகக் குறைவு. வந்த பணம் வந்த வேகத்தில் செலவாகும், முடியப்போகும்போது அரசிடம் போவார்கள். 2015 ஜூலை இறுதியில், அதிகாரிகளின் ஆட்சேபத்தை மீறி, 30 லட்சம் பவுண்டு கிடைத்தது. ஆகஸ்ட் 5ஆம் தேதி கதவு மூடப்பட்டது.

36,000 பேருக்கு உதவுவதாகச் சொல்லிவந்தார்கள். மூடியபோது உள்ளாட்சி அமைப்புகளிடம் ஒப்படைக்கப்பட்ட பெயர்கள் இரண்டாயிரத்தைத் தொடவில்லை. 2016 பிப்ரவரியில் வந்த நாடாளுமன்றக் குழுவின் அறிக்கை அறங்காவலர்களைக் கடுமையாகச் சாடியது. என்னை நிறுத்திய வரி ஒன்று: கிட்ஸ் கம்பெனியின் அறங்காவலர் குழுவில் இளைஞர் பணியிலோ உளவியல் சிகிச்சையிலோ அனுபவம் உள்ளவர் ஒருவரும் இல்லை. அதாவது நிறுவனர் “இந்தப் பிள்ளைக்கு இது தேவை” என்று சொன்னால், “தேவையில்லை” என்று சொல்லும் தகுதி அங்கே யாருக்கும் இல்லை.

நியாயமாக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். கடைசி நாட்களில் எழுந்த பாலியல் புகார்களை விசாரித்த போலீஸ், குற்றத்துக்கு ஆதாரம் இல்லை என்றது. அறங்காவலர்கள் இனி எந்த நிறுவனத்திலும் இயக்குநராக இருக்கக் கூடாது என்று தொடுக்கப்பட்ட வழக்கை 2021இல் உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அர்ப்பணிப்புள்ளவர்கள் என்று நீதிபதி பாராட்டவும் செய்தார். அடுத்த ஆண்டு, அங்கே அறக்கட்டளைகளைக் கண்காணிக்கும் அறக்கட்டளை ஆணையமோ, ஊழியர்களுக்கும் வரித் துறைக்கும் திரும்பத் திரும்பக் காலத்தில் பணம் தராதது நிர்வாகத் தவறு என்று எழுதியது. ஒருவரும் திருடவில்லை. பிள்ளைகள் தெருவுக்கு வந்துவிட்டார்கள்.

உங்கள் நிறுவனரிடம் குழந்தையைப் பற்றி வாதாடாதீர்கள்; அந்த வாதத்தில் நீங்கள் தோற்பீர்கள், தோற்கவும் வேண்டும். “அடுத்த மார்ச்சில் இதே குழந்தைக்குச் சோறு போட எவ்வளவு இருக்கிறது?” என்று கேளுங்கள். ஒவ்வொரு கூட்டத்திலும் முதல் பொருளாக அதை வையுங்கள். இந்த வேலையே தெரிந்த, அவரிடம் சம்பளம் வாங்காத ஒருவரை, ஒரு சமூகப் பணியாளரையோ மனநல மருத்துவரையோ, குழுவுக்குள் கொண்டுவாருங்கள்.

திருநெல்வேலி வாசகர்: மேலே சொன்னது சரி, ஆனால் கையிருப்பு வைத்தால் வரி போடுவார்கள் என்று எங்கள் ஆடிட்டர் பயமுறுத்துகிறார். மார்ச் மாதம் ஆனால் எதையாவது வாங்கித் தீர்க்கிறோம்.

மார்ச் மாதத்து நாற்காலிகள்! ஒவ்வொரு டிரஸ்டிலும் ஓர் அறை நிறைய இருக்கும். ஆண்டு வருமானத்தில் 85 சதவீதத்தை அறப்பணிக்குச் செலவிட வேண்டும் என்பதுதான் விதி. மீதி 15 சதவீதத்தை நிபந்தனையின்றி ஒதுக்கி வைக்கலாம். அதற்கு மேலும் வேண்டுமானால், குறிப்பிட்ட ஒரு நோக்கத்துக்காக என்று குழு தீர்மானம் போட்டு, உரிய படிவத்தைக் காலத்தில் தாக்கல் செய்து, ஐந்து ஆண்டுவரை சேர்த்து வைக்க இடமுண்டு. ‘டிரஸ்டின் நோக்கங்களுக்காக’ என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் செல்லாது. ‘பெண்கள் விடுதிக்கு இரண்டாம் தளம்’ என்று எழுத வேண்டும். 2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறை என்பதால் பிரிவு எண்கள் மாறியிருக்கும். ஆடிட்டரிடம் புதிய எண்ணைக் கேட்டுக்கொள்ளுங்கள், பயத்தை அவரிடமே விட்டுவிடுங்கள்.

பெயரும் ஊரும் வேண்டாம் என்ற வாசகி: எங்கள் விடுதியில் 15 வயதுப் பெண் ஒரு தன்னார்வலர் தவறாக நடந்ததாகச் சொல்கிறாள். நிர்வாக டிரஸ்டி “முதலில் நாம் உள்ளுக்குள் விசாரிப்போம், டிரஸ்ட் பெயர் கெட்டுவிடும்” என்கிறார்.

இதைப் படித்ததும் காவல் நிலையத்துக்குத் தகவல் கொடுங்கள். குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கும் அழையுங்கள். நீங்களே செய்யலாம், அவர் அனுமதி வேண்டாம். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு குற்றம் நடந்ததை அறிந்த ஒவ்வொருவரையும் தகவல் சொல்லக் கட்டாயப்படுத்துகிறது. 21ஆம் பிரிவின்படி, தன் கட்டுப்பாட்டில் உள்ளவர் செய்த குற்றத்தைத் தெரிவிக்காத நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டுவரை சிறையும் அபராதமும் உண்டு. உண்மையா பொய்யா என்று பார்ப்பது டிரஸ்டின் வேலையே இல்லை. அந்தப் பெண்ணை ஆளுக்கு ஒருமுறை கூப்பிட்டுக் கேள்வி கேட்காதீர்கள். அந்த ஆள் இன்றிலிருந்து வளாகத்துக்குள் வரக் கூடாது.

ஓசூர் வாசகர்: பெரிய நன்கொடையாளர் ஒருவர் குழுவில் இடம் கேட்கிறார். பிள்ளைகள் படத்தோடு பேனரும் வேண்டுமாம்.

அவர் தந்த திட்டம் பற்றிய கூட்டத்துக்கு அழைப்பாளராகக் கூப்பிடுங்கள், ஓட்டுரிமை வேண்டாம். அடுத்த வருடம் பணத்தை நிறுத்தினால் நாற்காலியை எப்படித் திருப்பி வாங்குவீர்கள்? படத்துக்கு மறுப்புச் சொல்லுங்கள். பாதுகாப்பும் பராமரிப்பும் தேவைப்படும் பிள்ளைகளின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்று 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமே சொல்கிறது. “சட்டம் தடுக்கிறது சார்” என்று சொல்வது “எங்களுக்குப் பிடிக்கவில்லை” என்பதைவிடச் சுலபமாக இறங்கும்.

தஞ்சாவூர் வாசகர்: சிங்கப்பூரில் இருக்கும் என் சித்தப்பா பணம் அனுப்பலாமா? எங்களிடம் எஃப்சிஆர்ஏ பதிவு (வெளிநாட்டு நன்கொடை வாங்குவதற்கான பதிவு) இல்லை.

இந்தியப் பாஸ்போர்ட்டா, சிங்கப்பூர் பாஸ்போர்ட்டா? இந்தியக் குடிமகனாகவே இருந்து, தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. குடியுரிமை மாறியிருந்தால், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை இருந்தாலும், வாங்காதீர்கள். பாஸ்போர்ட் நகலை ரசீதோடு கோத்து வையுங்கள்.

ஈரோடு வாசகி: எங்கள் டிரஸ்டி ஒருவர் தினமும் வாட்ஸ்ஆப்பில் ஆசிரியர்களுக்கு உத்தரவு போடுகிறார்.

அவருக்கு வேறு வேலை கொடுங்கள். ஊழியர்களுக்குச் சொல்ல வேண்டியதை மேலாளர் மூலமாக மட்டும் சொல்வது என்று ஒரு வரித் தீர்மானம் போடுங்கள்.

நாகர்கோவில் வாசகர்: நிலம் வாங்கும் தீர்மானம் ஒன்றை, நிகழ்ச்சி நிரலிலேயே இல்லாமல், ‘இதர விஷயங்கள்’ என்ற தலைப்பில் கடைசியில் கொண்டுவந்து நிறைவேற்றிவிட்டார்கள். எனக்கு உடன்பாடில்லை. வாயால் சொன்னேன். போதுமா?

போதாது. இலைபோட்டாகிவிட்டது என்று சொல்லும் நேரத்தில்தான் நிலம், கார், கடன் மூன்றும் வரும். எல்லா ஊரிலும் அப்படித்தான். வாயால் சொன்னது மினிட்ஸில் ஏறாவிட்டால் நீங்களும் ஆதரித்ததாகத்தான் பொருள்.

அடுத்த கூட்டத்தில் பழைய மினிட்ஸை உறுதிசெய்யும்போது எழுந்து, இந்த வாசகத்தைச் சேர்க்கச் சொல்லுங்கள்: ‘நில மதிப்பீட்டு அறிக்கையும் வில்லங்கச் சான்றும் குழுவின் முன் வைக்கப்படாததாலும், பொருள் முன்கூட்டியே அறிவிக்கப்படாததாலும் இத்தீர்மானத்துக்கு நான் உடன்படவில்லை.’ காரணம் இல்லாமல் வெறுமனே ‘ஆட்சேபிக்கிறேன்’ என்று எழுதாதீர்கள், அது பிணக்கு என்று படிக்கப்படும். கீழே உங்கள் கையெழுத்தும் தேதியும் வேண்டும். அடுத்த கூட்டத்துக்குள் பத்திரப் பதிவு நடந்துவிடும் என்று தோன்றினால் காத்திருக்காமல், இதே வாசகத்தை எல்லா டிரஸ்டிகளுக்கும் ஒப்புகையுடன் கூடிய விரைவுத் தபாலில் இன்றைக்கே அனுப்பி, நகலை ஆடிட்டருக்கும் கொடுங்கள். தபால் ரசீதை வீட்டில் வையுங்கள், டிரஸ்ட் அலுவலகத்தில் வைக்காதீர்கள்.